கார் மோதியது சொந்தக்காரருடையது, பத்திரத்தில் கைநாட்டும் வைத்துவிட்டேன்... இழப்பீடு கேட்க வழி உண்டா?

திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 38 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வலக்கை இன்னும் பேனா பிடிக்க ஒத்துழைக்காததால், அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதியது. அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுப்பவர் இவர். கணவருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன், தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் திரும்பிய மாலை நேரத்தில், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்த கார் இண்டிகேட்டர் போடாமல் வளைந்து இவரை இடித்துத் தள்ளியிருக்கிறது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. காரை ஓட்டியது ஒரு கல்லூரி மாணவன், வயது 19. அவனுடைய அப்பா, இவர் கணவருக்கு அண்ணன் முறை. இவர் 'மாமா' என்று அழைப்பவர். ரைஸ் மில் வைத்திருக்கிறார், கார் அவர் பெயரில்தான் இருக்கிறது.

விஷயம் தெரிந்து ஓடிவந்த மாமாவே தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்டதற்கு, "வண்டி சறுக்கி விழுந்துட்டாங்க" என்று அவரே பதில் சொல்ல, வலியில் இருந்த இவரும் தலையாட்டிவிட்டார். பிளேட் வைத்து அறுவைச் சிகிச்சை. பில் 1,40,000 ரூபாய். நான்காம் நாள் கணவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். "உறவுக்காரங்கதானே, பேசி முடிச்சுக்குங்க" என்று சொல்லி ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளன்று மாமா 50,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டு, 20 ரூபாய் பத்திரம் ஒன்றை நீட்டியிருக்கிறார். 'மேற்படி விபத்து சம்பந்தமாக இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று அதில் எழுதியிருந்தது. வலக்கையில் கட்டு. கையெழுத்துப் போடத் தெரிந்த இவர் இடக்கைப் பெருவிரல் ரேகை வைத்தார்.

இப்போது கட்டு பிரித்தாகிவிட்டது. ஆனால் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை, விரல்களை மடக்கினால் உள்ளங்கையைத் தொடவில்லை, கத்தரிக்கோல் பிடித்துத் துணி வெட்ட முடியவில்லை. மாமா போனை எடுப்பதில்லை. "கைநாட்டு வைத்தாயிற்று, அன்றைக்கு ஹெல்மெட்டும் போடவில்லை, சம்பளச் சீட்டும் கிடையாது. எனக்கு எதுவும் கிடைக்காதுதானே? கேஸ் போட்டால் அந்தப் பையன் ஜெயிலுக்குப் போவானா? ஒருவர் வீட்டுக்கே வந்து எட்டு லட்சம் வாங்கித் தருகிறேன் என்கிறார், அவரை நம்பலாமா?" இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகமான அவகாசம்தான் இருக்கிறது. அதனால் கெடுவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

விபத்து இழப்பீட்டு வழக்கை எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். ஒரு காலத்தில் அது உண்மைதான். 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து காலக்கெடுவை எடுத்துவிட்டார்கள். 2019-ல் வந்த திருத்தம் அதை மறுபடி கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்றைக்கு 166-ஆம் பிரிவின்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி நீங்கள் நாள் கடத்த வேண்டாம். 'கை முழுசா குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்ற எண்ணமும் வேண்டாம். மனுவைப் போட்டுவிட்டு கை எவ்வளவு தேறுகிறது என்று பார்க்கலாம். மனுத் தேதிக்குப் பிறகான மருத்துவச் சான்றுகளையும் விசாரணையில் தாக்கல் செய்ய முடியும். வட்டியும் பெரும்பாலும் மனுத் தேதியிலிருந்துதான் ஓடும்.

மனுவை விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு அதிகாரமுள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் போடலாம். தீர்ப்பாயம் என்றதும் எங்கோ தூரத்தில் இருப்பது என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டங்களில் பெரும்பாலும் சார்பு நீதிமன்றமோ மாவட்ட நீதிமன்றமோதான் அந்தப் பொறுப்பைப் பார்க்கிறது.

அந்த 20 ரூபாய் பத்திரம்

நீங்கள் அதிகம் பயந்திருப்பது இதற்குத்தான். அந்தப் பத்திரம் வெறும் காகிதம் என்று சொல்லி உங்களைக் குஷிப்படுத்த மாட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் அதை நிச்சயம் எடுத்து நீட்டுவார். ஆனால் அது உங்கள் வழியை அடைத்துவிடும் அளவுக்கு வலுவானதும் அல்ல. ஆஸ்பத்திரிப் படுக்கையில், வக்கீல் ஆலோசனை எதுவும் இல்லாமல், கை எவ்வளவு தேறும் என்று டாக்டருக்கே தெரியாத நிலையில் வாங்கிய ரேகை அது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் ரேகை வைத்திருக்கிறார் என்பதே நீங்கள் அன்றைக்கு இருந்த நிலைமைக்குச் சாட்சி. இழப்பீட்டைக் கொடுக்க வேண்டிய காப்பீட்டு நிறுவனம் அந்தப் பேச்சில் ஒரு தரப்பாகவே இல்லை. தீர்ப்பாயத்தின் கடமை 'நியாயமான இழப்பீடு' எவ்வளவு என்று பார்ப்பது. 1,40,000 ரூபாய் பில்லுக்கு 50,000 கொடுத்துக் கணக்கை முடித்ததை எந்த நீதிபதியும் யோசிக்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டார். அந்த 50,000-ஐ மறைக்காமல் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். கிடைக்கும் தொகையில் அது கழிக்கப்படலாம், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். பத்திரத்தின் போட்டோ மகளின் போனில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்து நிதானமாகப் படியுங்கள். விபத்து நடந்த தேதி, இடம், கார் நம்பர், 'என் மகன் ஓட்டிவந்த' என்ற வாசகம், கீழே மாமாவின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள் என்று நீங்கள் நிரூபிக்கப் படாதபாடு பட வேண்டிய விஷயம் முழுவதையும் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே நாளில் அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்த பணமும் சேர்ந்தால், 'விபத்தே நடக்கவில்லை' என்று அவர் இனிச் சொல்வது கஷ்டம். உங்களைக் கட்டிப்போட எழுதிய பத்திரம்தான் இன்றைக்கு உங்களிடம் இருப்பதில் நல்ல சாட்சியம். அந்தப் போட்டோவை இன்றைக்கே கணவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள், ஒரு பிரிண்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்

உண்மையான சிக்கல் இங்கேதான். விபத்துக் காயத்தோடு யார் வந்தாலும் மருத்துவமனையில் ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர் என்ற ஏட்டில் பதிவு செய்வார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எப்படி அடிபட்டது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் கூட்டிவந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் தேடுவதும் அதைத்தான். 'வண்டி சறுக்கி விழுந்தார்' என்று அதில் இருந்தால், "தானாக விழுந்தவர், பிறகு சொந்தக்காரர் காரைக் கொண்டுவந்து இந்த வழக்கில் நட்டுவைத்திருக்கிறார்" என்று வாதாடுவார். உறவினர் கார் என்பது இந்த வாதத்துக்கு இன்னும் வசதி. மாமா எழுதிக் கொடுத்த ஒப்புதலையும், 'இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஏற்பாடு' என்று காப்பீட்டு நிறுவனம் தட்டிவிடப் பார்க்கும். இப்படித் தள்ளுபடியான வழக்குகள் இருக்கின்றன என்பதால்தான் இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

தயவுசெய்து மருத்துவமனைக்குப் போய் அந்தப் பதிவைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். திருத்திய பதிவு, பொய்ப் பதிவைவிட மோசம். அதற்குப் பதில் ஏ.ஆர். காப்பி, கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றுக்கும் எழுத்துபூர்வமாக விண்ணப்பம் கொடுத்து நகல் வாங்குங்கள். 'கூட்டிவந்தவர்' என்ற இடத்தில் மாமாவின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்தத் தகவலைச் சொன்னது காரின் சொந்தக்காரர், அப்படிச் சொல்வதில் அவருக்கு லாபம் இருந்தது என்று காட்ட முடியும். கேஸ் ஷீட்டில் பிறகு பார்த்த எலும்பு டாக்டரிடம் நீங்கள் உள்ளதைச் சொல்லி, அவர் 'கார் மோதி' என்று குறித்திருந்தால் அது பெரிய பலம்.

அதோடு, குடும்பத்துக்கு வெளியே இருந்து சாட்சியம் வேண்டும். பங்க் எதிரில் இருக்கும் டீக்கடைக்காரர்தான் உங்களைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அது. அவரிடம் கணவரைப் போய்ப் பேசச் சொல்லுங்கள். பங்கின் சிசிடிவி பதிவு இத்தனை நாளில் அழிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஸ்கூட்டி ரிப்பேருக்குப் போயிருந்தால் மெக்கானிக் பில், போட்டோ, உடைந்த பாகங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சறுக்கி விழுந்த வண்டிக்கும் பக்கவாட்டில் இடிபட்ட வண்டிக்கும் அடி விழும் இடம் வேறு. தீர்ப்பாயம் கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்காது. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் எடைபோடும்.

விசாரணைக் கூண்டில் உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள்: "ஆஸ்பத்திரியில் ஏன் சறுக்கி விழுந்ததாகச் சொன்னீர்கள்?" நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மாமா சொன்னார், குடும்ப விஷயம் என்று தலையாட்டினேன் என்பது நம் ஊரில் எந்த நீதிபதிக்கும் புரியாத விஷயமல்ல.

சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

உங்கள் கணவர் கையில் இருப்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமே. வழக்கு இன்னும் பதிவாகவில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டி எலும்பை முறித்தது அந்த வகைதான். எலும்பு முறிவு, சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம்.

அந்த ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான்காம் நாளே புகார் கொடுத்துவிட்டீர்கள் என்பதற்கு நம்பரும் தேதியும் அதில் இருக்கின்றன. 'நாலு மாசம் கழிச்சு யோசிச்சு ஜோடிச்ச கதை' என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்பதற்காக மட்டுமே இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2011-ல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் சொல்லியிருக்கிறது. சி.எஸ்.ஆர். நம்பரைக் குறிப்பிட்டு, நீங்களே கைப்பட (மகள் எழுதினாலும் சரி, உங்கள் ரேகையோடு) ஸ்டேஷனுக்கு மறுபடி மனு கொடுங்கள். எடுக்கவில்லையென்றால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால், 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி போலீஸே 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் அனுப்பியிருக்க வேண்டும். அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ள முடியும். 'பேசி முடிச்சுக்குங்க' என்ற ஒரு வார்த்தையில் உங்களுக்குப் போனது அத்தனையும். சரி, அதற்காக எஃப்.ஐ.ஆர். வரும்வரை இழப்பீட்டு மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். இரண்டும் தனித்தனித் தடம். எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் மனு போடலாம், போட்டபின் அது வந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

மாமாவுக்கும் பையனுக்கும் என்ன ஆகும்?

காயம்பட்டுக் கிடக்கும்போதும் இதைக் கேட்கிறீர்களே என்றிருந்தது. பயப்படாதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் வழக்கு வரும். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்துவிடும். கொடுங்காயத்துக்கு அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. அதே பிரிவில் அபராதத்தோடு விடவும் இடமிருக்கிறது.

இழப்பீட்டு வழக்கைப் பொறுத்தவரை, காரின் மூன்றாம் நபர் காப்பீடு உயிரோடு இருந்தால் பணம் கட்டப் போவது காப்பீட்டு நிறுவனம். மாமா வருஷா வருஷம் பிரீமியம் கட்டியது இதற்காகத்தான். இதை அவருக்குப் புரியவைக்க யாராவது ஒரு பெரியவரை அனுப்பிப் பார்க்கலாம். பல குடும்பங்களில் இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பேச்சுவார்த்தை முறிகிறது.

ஆனால் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. காப்பீடு இருப்பவர் இவ்வளவு அவசரமாகப் பத்திரம் எழுத வேண்டிய அவசியம் என்ன? ஒன்று, பாலிசி காலாவதியாகியிருக்கலாம். அல்லது பையனுக்கு லைசென்ஸ் இல்லாமலிருக்கலாம். முதலாவதை எம்பரிவாஹன் செயலியில் கார் நம்பரைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பாலிசி இல்லையென்றால் இழப்பீட்டை மாமாதான் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கலெக்டர் மூலம் நில வரிப் பாக்கி மாதிரி வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. பாலிசி இருந்து, லைசென்ஸ்தான் இல்லையென்றால், நீதிமன்றங்கள் பொதுவாகக் காப்பீட்டு நிறுவனத்தை முதலில் உங்களுக்குக் கட்டச் சொல்லி, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்கின்றன. உங்களுக்குப் பணம் வரும், மாமாவுக்குத்தான் பின்னால் தலைவலி.

இந்த இடத்தில் ஒரு பேரம் வரக்கூடும்: "கேஸ் போட்டுக்கோ, ஆனா வண்டி ஓட்டினது நான்தான்னு சொல்லிடு." ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்திரத்தில் 'மகன் ஓட்டிவந்த' என்று இருக்கிறது, டீக்கடைக்காரர் பையனைப் பார்த்திருக்கிறார். ஆளை மாற்றிச் சொன்னால் வழக்கும் போகும், பொய்ச் சாட்சி சொன்ன குற்றமும் உங்கள் தலையில் விழும். ஏற்கனவே ஒரு பொய்க்குத் தலையாட்டியதன் பலனைத்தான் இப்போது சுமக்கிறீர்கள்.

அடுத்த மாதம் அவர்கள் வீட்டு வளைகாப்புக்குப் போகலாமா என்று மகள் ஓரத்தில் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறாள். தாராளமாகப் போங்கள். அங்கே யார் எந்தத் தாளை நீட்டினாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

ஹெல்மெட்

போடாதது தப்புதான், அதற்கு அபராதம் உண்டு. ஆனால் உடைந்தது மணிக்கட்டு. ஹெல்மெட் போட்டிருந்தால் மணிக்கட்டு தப்பித்திருக்குமா? விதியை மீறியதற்கும் விபத்துக்கோ காயத்துக்கோ தொடர்பு இருந்தால்தான் அதைப் பங்களிப்புக் கவனக்குறைவு, அதாவது நடந்ததில் உங்கள் தவறுக்கும் பங்கு உண்டு என்று சொல்ல முடியும். பைக்கில் மூன்று பேர் போன ஒரு வழக்கிலேயே 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. தலையில் அடிபட்டிருந்தால் கொஞ்சம் பிடித்தம் வந்திருக்கும். உங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

உங்கள் கைக்கு என்ன கணக்கு?

சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வருமானம் இல்லை என்று அர்த்தமாகிவிடாது. வீட்டு வேலை மட்டுமே செய்யும் பெண்ணின் உழைப்புக்கே நீதிமன்றங்கள் மாத வருமானம் நிர்ணயிக்கின்றன. நீங்களோ தொழில் செய்பவர். அளவு குறித்து வைக்கும் நோட்டுகள் இருக்குமே, ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், தோள், இடுப்பு, டெலிவரி தேதி, கூலி என்று எழுதியிருப்பீர்கள். பழைய நோட்டுகளையெல்லாம் தேடி எடுங்கள். ஜிபேயில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய பணம், நூல், லைனிங் வாங்கிய கடை பில், தையல் தொழிலாளர் நல வாரிய அட்டை எதுவானாலும் உதவும். உங்களிடம் வழக்கமாகத் தைக்கும் இரண்டு பேர் வந்து சாட்சி சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்தது ஊனச் சதவீதம். இதில்தான் காயம்பட்டவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மருத்துவ வாரியம் 15 சதவீதம் என்று சான்று தருவதாக வைத்துக்கொள்வோம். சில தீர்ப்பாயங்களில் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கி முடித்துவிடுவார்கள். ஐயாயிரம் என்று வைத்தால் 75,000 ரூபாய். ஆனால் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொன்றைப் பார்க்கச் சொன்னது: இந்தக் காயம் இந்த ஆளின் சம்பாதிக்கும் திறனை எவ்வளவு குறைத்திருக்கிறது? கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும், அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலிருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் சொல்கிறது. வலது மணிக்கட்டு திரும்பாத தையல்காரர் எந்தப் பக்கம் வருவார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முறையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், 40 வயதுக்குள் இருக்கும் சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்த்து 21,000. வருஷத்துக்கு 2,52,000. இதை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், பெருக்கி என்பது அதுதான். 38 வயதுக்குரிய பெருக்கி 15, ஆக 37,80,000. சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம் குறைந்தது என்று முடிவானால் 7,56,000 ரூபாய். பத்து சதவீதம்தான் என்றால் அதில் பாதி. இதோடு மருத்துவச் செலவு, வேலை செய்ய முடியாத மாதங்களின் வருமானம், வலி வேதனைக்கு ஒரு தொகை, போக்குவரத்து, துணைக்கு இருந்தவர் செலவு, பின்னால் பிளேட்டை எடுக்க வேண்டுமென்றால் அதற்கான செலவு எல்லாம் தனித்தனித் தலைப்பில் கேட்கலாம். இது கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. 75,000-க்கும் இதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளத்தான் சொன்னேன். அந்தத் தூரத்தைக் கடக்க, அறுவைச் சிகிச்சை செய்த டாக்டரே வந்து, "இந்தக் கையால் கத்தரிக்கோலை அழுத்திப் பிடிக்க முடியாது" என்று சொல்வதுதான் பலம். சிகிச்சையே கொடுக்காத டாக்டரிடம் வாங்கும் 'ரெடிமேட்' ஊனச் சான்றுகளைப் பற்றி அதே தீர்ப்பு எச்சரித்திருக்கிறது.

பிசியோதெரபியை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், ஒரு தடவைக்கு 300 ரூபாய் கட்டுப்படியாகவில்லை என்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசமாகச் செய்வார்கள். மறுபடி ஆரம்பியுங்கள், சீட்டு போட்டு வாருங்கள். கை தேறினால் அதுதான் முதல் லாபம். தேறாவிட்டாலும், 'சிகிச்சைக்கே போகாமல் கையைக் கெடுத்துக்கொண்டார்' என்ற வாதத்துக்கு இடமிருக்காது.

வீட்டுக்கு வந்தவர்

எட்டு லட்சம் நிச்சயம், அதில் 30 சதவீதம் எங்களுக்கு, இரண்டு வெற்றுத் தாளில் கையெழுத்து என்றாராம். அவர் வக்கீல் அல்ல என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வக்கீலாகவே இருந்தாலும், கிடைக்கும் தொகையில் சதவீதம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. பேசுபவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அதற்காக அது சரியாகிவிடாது. தொகையை முன்கூட்டியே 'நிச்சயம்' என்று யார் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள்.

பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. திண்டுக்கல் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். வெளியில் வக்கீல் வைத்துக்கொள்வதானால் கட்டணத்தை முதலிலேயே பேசி, கொடுப்பதற்கெல்லாம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம் என்று கூப்பிடுவார்கள். நல்ல தொகை என்றால் முடித்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது. மருத்துவ வாரியச் சான்று கைக்கு வருமுன் அங்கே சம்மதிக்காதீர்கள்.

இந்த வாரத்துக்குள் இவை நடக்கட்டும்:

- மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி, கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்களின் நகலுக்கு விண்ணப்பம். எக்ஸ்ரே படங்களை வீட்டில் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.
- சி.எஸ்.ஆர். நம்பரோடு ஸ்டேஷனுக்கு மறுமனு. ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.
- டீக்கடைக்காரரிடம் பேச்சு, பங்கில் சிசிடிவி விசாரிப்பு.
- ஜிபேயில் 50,000 வந்ததைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்.
- எம்பரிவாஹனில் காரின் காப்பீட்டு விவரத்தை ஸ்கிரீன்ஷாட்.
- சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம். கெடுத் தேதியை விண்ணப்பத்தின் மேலேயே எழுதுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு விஷயம். தமிழ்நாட்டுச் சாலையில் யாருக்கு அடிபட்டாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை நிர்ணயித்த வரம்புவரை அரசே பார்த்துக்கொள்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் அடக்கம். மத்திய அரசும் 2025 மே முதல் ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்திருக்கிறது. 108-ல் ஏறும்போதே இதைக் கேளுங்கள். எந்த வண்டி எப்படி மோதியது என்று கேஷுவாலிட்டியில் சொல்ல வேண்டியவர் அடிபட்டவர், அவரால் முடியாவிட்டால் அவர் வீட்டார். மோதியவரைப் பேச விடாதீர்கள்.

சகோதரி, கடைசியாக ஒன்று. உங்கள் பெயரில் தனியாக வங்கிக் கணக்கு இல்லை, ஜிபேகூட கணவர் கணக்கோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில்தான் ஓடுகிறது என்று தெரிகிறது. தீர்ப்புத் தொகை காயம்பட்டவரின் கணக்குக்கு வருவதுதான் முறை; ஒரு பகுதியை வைப்புத் தொகையாகப் போட்டு வைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். மனு போடுவதற்கு முன் உங்கள் பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, அந்தப் பாஸ்புக் நகலை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். கணவர் நல்லவர் என்றே எழுதியிருக்கிறீர்கள், எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்.